திருப்பி அனுப்பிய சிவப்பு

காலை பத்தே கால் மணிக்கு என் மகள் ஒரு சிவப்புத் துணியை வேண்டாம் என்றாள். டீக்காரர் அப்போதுதான் டம்ளர்களை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் நேரம் நினைவிருக்கிறது.

வீரபாண்டியில் எங்களுடையது சின்ன பனியன் யூனிட். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியின் நிறம், துணி வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட மாதிரித் துணியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எங்கள் ஒரே மகளின் வேலை. அதற்கென்று விளக்குப் பெட்டி இருக்கிறது. இரண்டு துணிகளையும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவள் அதைத் தொடவே மாட்டாள். ஜன்னலோரம் போய், துணியை மடித்துப் பிடித்து, ஊசியில் நூல் கோக்கிறவர்களைப் போல வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பாள். மாதிரித் துணியின் நிறம் அவள் தலைக்குள்ளேயே இருக்கும். அவள் சொல்லித் தப்பியதில்லை என்பதில் எங்களுக்குப் பெருமை.

அன்றும் அப்படித்தான் பார்த்தாள். “வெளுத்துக் கெடக்குதும்மா. திருப்பி அனுப்பிரு” என்றாள்.

எனக்கு நல்ல சிவப்பாகத்தான் தெரிந்தது. என் கணவரைக் கேட்டேன். “அவ கண்ணுக்கு முன்னாடி நம்ம கண்ணு எந்த மூலைக்கு? அனுப்பு” என்றார். அனுப்பினோம்.

மறுபடியும் சாயம் ஏற்றிய துணியோடு சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டரே வந்தார். அவள் மீண்டும் ஜன்னலோரம் போனாள். இடது கண்ணைக் கசக்கினாள். இரண்டு நாளாகவே அந்தக் கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்று சொல்லியிருந்தாள். ராத்திரியெல்லாம் போன் பார்த்தால் வலிக்காதா என்று நான் திட்டியிருந்தேன்.

“இன்னும் மங்கல்தானுங்க மாஸ்டர்.”

“ஏனுங்க அம்மிணி, இதுக்கு மேல ஏத்துனா கருப்பாயிருமுங்க. மாப்பிள்ளை பாக்கறதுலதான் இப்படிக் குறை சொல்றீங்கன்னா, துணியிலயுமா?”

எல்லோரும் சிரித்தோம். அவர் பைலில் இருந்த மாதிரித் துணியை உருவி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். “இது நீங்க ஓக்கே பண்ணுனது. இதாவது செவப்புங்களா?”

வலது கண் மூடியபடியே அவள் அதைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தாள். திரும்பவும் மாற்றினாள்.

“அம்மா, இந்தக் கண்ணுல செவப்பா இருக்குது. இந்தக் கண்ணுல செங்கல் கழுவுன தண்ணி மாதிரி இருக்குது.”

மாஸ்டர் துணியை மெதுவாக மேஜையில் வைத்தார். “டாக்டர்ட்ட காட்டிருங்கக்கா” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

எங்கள் ஊரிலேயே ராயபுரத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். கண்ணாடி எழுதிக் கொடுப்பார் என்று நம்பிக்கொண்டு போனேன். அவர் டார்ச்சை இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்குமாக மாற்றி மாற்றி அடித்தார். பிறகு சொட்டு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியைக் காட்டி, இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரித் தெரிகிறதா என்று அவளைக் கேட்டார். இல்லை என்றதும் எங்களிடம் சொன்னார்: “கண்ணுல கோளாறு இல்லீங்க. பின்னாடி போற நரம்புல வீக்கம். கோயமுத்தூர் போய் நரம்பு டாக்டரப் பாருங்க. இன்னைக்கே போங்க.”

அப்படியே காரில் கிளம்பினோம். அவிநாசி தாண்டியதும் என் கணவர், “ஒண்ணும் இருக்காது” என்றார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் அதையே சொன்னார்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. எனக்குக் கட்டி என்றுதான் தோன்றியது. கட்டி இல்லை, பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். இதற்கு முன்னால் கை கால் மரத்துப்போனதுண்டா என்று மகளைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு இல்லீங்க என்றேன்.

“இருந்துச்சுங்க” என்றாள் அவள். “போன வருஷம். செருப்புக்கும் காலுக்கும் நடுவுல துணி மடிச்சு வெச்சாப்புல இருக்கும். குனிஞ்சா முதுகுல கரண்ட் ஓடும். கொஞ்ச நாள்ல அதுவா சரியாயிருச்சு. நாளெல்லாம் நின்னுட்டே வேலை செய்யறதாலன்னு நெனச்சேன்.”

இளம் டாக்டர் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நரம்பைச் சுற்றி ஓர் உறை உண்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தவறாக எதிரி என்று நினைத்துத் தின்றுவிடும் நோய் ஒன்று இருக்கிறது என்று விளக்கினார். ஒரு முறை காலில், ஒரு முறை கண்ணில் என்று வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காலத்தில் வருவதுதான் அதன் அடையாளமாம். இதே மாதிரி இன்னொரு நோயும் உண்டு, அதற்கு மருந்து வேறு, எது என்று தெரியாமல் பேர் சொல்ல முடியாது என்றார். ரத்தம் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அவள் என் விரல்களை நெரித்தாள்.

எலாஸ்டிக் பட்டையில் ரப்பரின் மேல் சுற்றிய நூல் தேய்ந்து போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கையில் எத்தனையோ பட்டைகளை இழுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நினைப்பை விரட்ட முடியவில்லை. நரம்பு உறை நோய் என்று போனில் தேடினேன். முதலில் வந்த படமே சக்கர நாற்காலி. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

முடிவு வரும்வரை நரம்பு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வாயெல்லாம் இரும்பாகக் கசக்கிறது என்றாள். நான் தக்காளி, மாதுளை, குங்குமச் சிமிழ் என்று சிவப்பாக எது கிடைத்தாலும் அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். “இது எப்படித் தெரியுது சாமி?”

“என்னய செக்கிங் டேபிள்ல போட்டுட்டியாம்மா?” என்று சிரித்தாள். கொஞ்சம் கழித்து, சிரிக்காமல், “நான் ரிஜக்ட்டா?” என்று கேட்டாள். நான் மாதுளையை உரித்துக்கொண்டே இருந்தேன். முத்துகள் தரையில் சிதறின.

பெரிய டாக்டர் காலையில் வருவார் என்றார்கள். பிறகு மதியம் என்றார்கள். வராண்டாவில் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் என் கணவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். மாலை வெயில் கட்டில்வரை வந்த நேரத்தில்தான் பெரிய டாக்டரம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். நின்றபடி பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மகளுக்கு நேரே உட்கார்ந்தார்.

“எல்லா ரிசல்ட்டும் வந்திருச்சு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தான், முன்னாடி சொன்ன அந்த நரம்பு உறை நோய். இன்னொரு நோய் இல்லை.”

“நடக்க முடியாமப் போயிருமுங்களா?” என்று கேட்டார் என் கணவர்.

“இன்னைக்கு நடக்கறாங்க. தொடர்ந்து நடக்க வைக்கத்தான் மருந்து. ஒவ்வொருத்தருக்கும் இது ஒவ்வொரு மாதிரி போகும், அதனால நான் சத்தியம் பண்ண மாட்டேன். அடுத்த தாக்குதல் வராம தள்ளிப்போட நல்ல மருந்துங்க இருக்கு. சீக்கிரமே வந்திருக்கீங்க.”

“பார்வைங்க?” என்றேன்.

“பெரும்பாலும் திரும்பும். முழுசாத் திரும்புமான்னு கொஞ்ச நாள் போனாத்தான் தெரியும்.”

பிறகு அவர் மகளின் பக்கம் திரும்பினார். சிவப்புத் துணி விஷயத்தை இளம் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும்.

“வேலைக்குப் போங்கம்மா. ஆனா இனிமே ஏதாவது மங்கலாத் தெரிஞ்சா, துணியைத் திருப்பி அனுப்பிட்டு உக்காந்துக்காதீங்க. நீங்க இங்க வாங்க.”