நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு கல்தூணும்

ஆயுத பூஜை அன்று எலுமிச்சம்பழத்தை நசுக்கச் சொன்னார்கள். நான் காரை நசுக்கினேன்.

லைசென்ஸ் கைக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பதினைந்து வயது முடியப்போகிற எங்கள் வெள்ளைக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொரு பழம் வைத்தாயிற்று. பழம் பாதி நசுங்கி நின்றால் ஆகாது என்று எங்கள் வீட்டில் ஒரு பயம் உண்டு. அதனால் என் வீட்டுக்காரர் ஓரமாக நின்றுகொண்டு, "நல்லா அழுத்தும்மா, ஒரே அழுத்து" என்றார். அழுத்தினேன். நான்கு பழமும் சட்னியாயின. கார் அதோடு நிற்காமல் நேராகப் போய், கேட்டுக்காக நட்டிருந்த கருங்கல் தூணில் முட்டிக்கொண்டு நின்றது. தூணுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இடது மட்கார்டு உள்ளே போயிருந்தது. ஹெட்லைட் தூள். பம்பரில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். பானட்டைத் தாங்கும் முன்சட்டம் வளைந்ததால் பானட் மூடவே இல்லை, வாயைப் பிளந்தபடி நின்றது.

"வயசான வண்டி. காயலான் கடைக்குப் போட்டுடலாம். நீ எப்பவும் போல பஸ்லயே போ" என்றார் அவர்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வேங்கிக்காலிலிருந்து கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கு இருபது வருடமாக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவள் நான். நாற்பத்தாறு வயதில் வெட்கத்தை விட்டுவிட்டு கார் கற்றுக்கொண்டதே அதற்கு ஒரு முடிவு கட்டத்தான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதிகாரியிடம் காட்டியாக வேண்டும். அதில் தேறாவிட்டால் கார் போய்விடும். கார் போனால் இன்னொரு ஸ்டியரிங்கை நான் தொடவே மாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

டிங்கரிங் பட்டறைக்காரருக்குப் போட்டோ அனுப்பினேன். வேலை குவிந்து கிடக்கிறது, இருபது நாள் ஆகும் என்றார். கையில் இருந்ததோ எட்டு நாள். காலாண்டு விடுமுறை வேறு. சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். வருடா வருடம் நெம்புகோல் பாடம் நடத்துகிறவளுக்கு ஒரு தகடு பெரிய விஷயமா?

பெரிய விஷயமாகத்தான் இருந்தது. துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றவே ஒரு நாள் போயிற்று. மறுநாள் மட்கார்டைத் தரையில் போட்டு, பள்ளத்தின் மறுபுறம் அம்மிக்குழவியைத் துணி சுற்றி முட்டுக் கொடுத்து, மரச்சுத்தியால் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தட்டினேன். வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள், குழவி மட்டும் என் யோசனை. இருநூறு தட்டு தட்டியிருப்பேன். திடீரென்று 'டொக்' என்று ஒரு சத்தம். பள்ளம் வெளியே வந்துவிட்டது! "ஏங்க, சீக்கிரம் வாங்க!" என்று நான் போட்ட கூச்சலில், கையில் பேப்பரோடு ஓடி வந்தார்.

குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "பரவால்லயே" என்றார். மறுநாள் காலை நான் எழுந்தபோது, பம்பர் விரிசலின் இரு பக்கத்தையும் கம்பி வைத்துச் சேர்த்து, சால்டரிங் அயனால் உருக்கிக்கொண்டிருந்தார். காபி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

முன்சட்டம்தான் மசியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒரு சங்கிலி கொண்டுவந்தார். "இத்த இன்னா தட்டினாலும் நிமிராது டீச்சர். சங்கிலிய சட்டத்துல மாட்டி, மறுமுனைய அந்தத் தூண்ல கட்டி, வண்டிய ரிவர்ஸ்ல இழுக்கணும்."

எந்தத் தூண்? அதே தூண். வேறு எதுவும் அந்த இழுப்புக்குத் தாங்காது. அறுந்தால் தெறிக்காமல் இருக்கச் சங்கிலியின் மேல் ஒரு சாக்கைப் போட்டார்கள். ஆட்டோக்காரர் சாவிக்குக் கை நீட்டினார். கொடுத்திருக்கலாம். எனக்கு என்ன வந்ததோ, "நானே எடுக்கிறேன்" என்று ஏறி உட்கார்ந்தேன்.

"கிளச்ச மெதுவா வுடுங்க. ஆக்ஸிலேட்டர் கம்மியா... கம்மியா..."

சங்கிலி விறைத்தது. கார் முனகியது. அரை அங்குலம். இன்னும் அரை அங்குலம். "ஜாஸ்தி வோணாம், போதும், போதும்!" என்று அவர் கத்த, பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பானட்டைச் சாத்தினோம். 'க்ளக்' என்று பூட்டிக்கொண்டது. நாற்பத்தாறு வயதுக்காரி வாசலில் குதித்தேன், எதிர் வீட்டார் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை பெயிண்ட் அடித்தோம். பழைய வெள்ளைக்குப் பக்கத்தில் அது கட்டிய பல்போல் பளிச்சென்று தெரிந்தது. பரவாயில்லை என்று மட்கார்டைத் திரும்ப மாட்டி, புது ஹெட்லைட்டும் வாங்கிப் பொருத்தினோம்.

வெள்ளிக்கிழமை அதிகாரி காரைச் சுற்றி வந்தார். சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், லைட்டைப் போடச் சொன்னார், மட்கார்டை உள்ளங்கையால் அழுத்தினார்.

"எந்தப் பட்டறையில பண்ணீங்க?"

"எங்க வீட்டுல சார்" என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். "என்னைப் பார்க்காதீங்க சார், அவங்கதான்" என்றார் இவர். அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. நான் சாவியோடு வெளியே வந்தால், நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம்! வைத்தவர் எங்கே என்று பார்த்தேன். கேட்டை அகலத் திறந்துவிட்டு, அந்தக் கல்தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். போன தடவை ஓரமாக நின்றவர், இப்போது காருக்கு நேர் எதிரில்.

"அங்கேர்ந்து நகருங்க!"

"நீ வா. நான் நிக்கிறேன்."

அவரை முறைத்துக்கொண்டே கிளட்சை மெல்ல விட்டேன். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கும் சத்தம் கேட்டது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். அவருடைய வேட்டியை உரசாமல், ஒரு கை தூரம் விட்டு, கார் தெருவுக்கு வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், தூணை விட்டு அசையாமல் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அழுகை வந்தது, அழுதுகொண்டே இரண்டாவது கியர் போட்டேன்.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் எனக்கு முன்னால் எட்டே கால் பஸ் போய்க்கொண்டிருந்தது. இருபது வருடம் நான் தொங்கிய பஸ். ஹாரனை அழுத்தி, அதை முந்திக்கொண்டு போனேன்.