துண்டைத் திருப்பிக் கொடுத்த வெள்ளைக்காரர்

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் தீர்த்தகிரி பன்னிரண்டு வருஷமாக நேரம் குறிக்கும் குமாஸ்தா. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் அவர் எழுதிய நோட்டில் ஓர் அடித்தல், திருத்தல் பார்க்க முடியாது. ஒன்பது முப்பது பஸ் இரண்டு நிமிஷம் தாமதித்தால் 9.32 என்றே எழுதுவார். "முப்பதுன்னே போடேம்பா" என்று முதலாளி கேட்டபோதும் மாற்றவில்லை. அப்படி நிதானம் தவறாத மனிதரை ஒரே முற்பகலில் படாதபாடு படுத்தினார் ஒரு டென்மார்க்காரர்.

1953 ஜூன் மாதம், மாம்பழ சீசன். மெட்ராஸிலிருந்து அவர் வந்த வாடகைக் கார் ஊருக்கு வெளியே அச்சு முறிந்து நின்றுவிட்டது. ஒன்பது மணிக்குப் பெட்டியோடு வந்து ஜன்னலில் ஒரு தந்தியை நீட்டினார். தீர்த்தகிரி எழுத்துக் கூட்டிப் படித்தார். பெங்களூர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவிக்கு அன்று மாலை நாலு மணிக்கு ஆபரேஷன். நாட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அந்த அம்மாளுக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"நைன் தர்ட்டி பஸ். ஒன் ஓ க்ளாக் பெங்களூர்" என்று தீர்த்தகிரி தைரியம் சொன்னார்.

டென்மார்க்காரர் போய் பஸ் நிற்கும் இடத்தில் நிமிர்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் அவர் முழங்கை மயிரைத் தொட்டுப் பார்த்தார். மாம்பழக் கூடைக்காரி சென்னம்மாள், "தொரைக்கு எத்தினி கொளந்த?" என்று மூன்று தரம் கேட்டாள். பஸ் திரும்பியதும் கூட்டம் அதோடு ஓடியது. ஜன்னல் வழியாகத் துண்டு போயிற்று, குடை போயிற்று, இடம் பிடிக்க ஒரு கைக்குழந்தையும் போயிற்று. குழந்தையைப் பார்த்ததும் டென்மார்க்காரர் தாங்கிப் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டினார். அவர் படியருகே வருவதற்குள் பஸ் நிரம்பிவிட்டது. நின்றுகொண்டு போக அனுமதி இல்லை. வழியில் போலீஸ் பிடிக்கும்.

"ஏன் யாரும் வரிசையில் நிற்கவில்லை?" என்று இங்கிலீஷில் கேட்டார். தீர்த்தகிரி ஊர்க்காரர்கள்மேல் வந்த கோபத்தை அவர்மேலும் கொஞ்சம் காட்டினார். "புஷ், சார். யூ ஆல்ஸோ புஷ்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் போய் அதே இடத்தில் நின்றார்.

பத்தே முக்கால் பஸ்ஸுக்குத் தீர்த்தகிரி தாமே வெளியே வந்து, தம் தோள் துண்டை மூன்றாவது ஜன்னலில் போட்டார். "தட் சீட், யுவர் சீட்" என்று கை காட்டி அனுப்பினார். டென்மார்க்காரர் ஏறினார், இடத்தைக் கண்டார், துண்டை எடுத்தார், நாலாக மடித்தார். பிறகு எல்லாரையும் விலகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு கீழே இறங்கி வந்து, விழுந்த பொருளை உரியவரிடம் சேர்க்கிற மரியாதையோடு அதைத் தீர்த்தகிரியிடமே நீட்டினார். அந்த இடத்தில் ஒரு பருத்திக்கொட்டை வியாபாரி உட்கார்ந்தாயிற்று.

அந்த பஸ் கண்டக்டர் படியில் நின்று, "இன்னா தீர்த்தண்ணா, சீர் துணி திரும்பி வந்துடுச்சா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. தீர்த்தகிரி சிரிக்கவில்லை. உள்ளே போய் 10.45 என்று எழுதும்போது பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது.

மிஞ்சியது பன்னிரண்டு மணி பஸ் ஒன்றுதான். அதைத் தவறவிட்டால் நாலு மணிக்குள் சேர வழியில்லை. தந்தியைக் கையில் மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார் டென்மார்க்காரர். தீர்த்தகிரி நோட்டை மூடினார். பஸ் நிற்கும் முன்பே டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தார். சட்டை அக்குளில் கிழிந்தது. முன் இடத்தில் உட்கார்ந்து, யார் திட்டியும் எழுந்திருக்கவில்லை.

"ஆபீஸ் மனுசனே இப்டி வந்து குந்திக்கினா நாங்க எங்க போறது?" என்று ஒருவர் கத்தினார்.

தீர்த்தகிரி எழுந்து, கடைசியாக ஏறிய டென்மார்க்காரரைத் தோளைப் பிடித்து அந்த இடத்தில் அழுத்தினார். படியில் சென்னம்மாள் கூடையோடு நின்றாள். கண்டக்டர் கங்கப்பன் அவளை இறங்கச் சொன்னார். உடனே டென்மார்க்காரர் எழுந்து, அவளுக்கு இடத்தைக் காட்டினார்.

"சிட்!" என்று தீர்த்தகிரி கத்தினார். "யுவர் வைஃப், சார். யுவர் வைஃப்."

அவர் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சென்னம்மாள் கீழே நின்று, "வெள்ளத் தோலுன்னா ஒனக்கு ஒசத்தியா படுது, நான்தான் ஒனக்குத் தெரியல இல்ல?" என்று தீர்த்தகிரியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவர் உள்ளே போய் 12.04 என்று எழுதினார்.

மறுநாள் காலை கங்கப்பன் வந்ததும் தீர்த்தகிரி, "நாலுக்குள்ள போய்ச் சேந்தாரா?" என்று கேட்டார்.

"மூணே முக்காலுக்குப் போயிட்டம்ணா. பஸ்ஸு நிக்கக்கூட இல்ல. முழங்கையால எல்லாரயும் இடிச்சித் தள்ளிக்கினு குதிச்சி ஓடுனாரு. ஒரு பெரியவர் சீட்டு மேலயே விழுந்துட்டாரு."

தீர்த்தகிரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அதை இங்கயே செஞ்சிருந்தா ஒரு மணிக்கே பொண்டாட்டி பக்கத்துல இருந்திருப்பானே" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.