இழுத்துப் பார்க்காத முடிச்சு

ஓக்லாந்தில் தன் வீட்டுச் சமையலறை மேசையடியில் இருந்தபடி ரதிதேவி கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பெருவிரல் தடிப்பில் ஒன்று, சுண்டுவிரல் தடிப்பில் ஒன்று, அதைவிட மெல்லியதாக இன்னொன்று. ஒவ்வொன்றையும் வளையமாக்கி, வளையத்தைக் காலால் மிதித்துக்கொண்டு முடிச்சை இரண்டு கையாலும் இழுத்து இறுக்கினாள். எதிரில் அவள் தாய் அன்னம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உது என்ன, லின்ஃபீல்டிலை மாடு வாங்கிக் கட்டப் போறியோ?"

"நாளைக்குப் பாறை ஏறப் போறன் அம்மா."

"ஐம்பதைப் பிடிக்கப் போறாய். புருசன்காரனும் பேசாமல் விடுறான்." அன்னம் ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள். "எடி பிள்ளை, நாதன்டை பாடு ஏதும் தெரியுமோ?"

"சுகமாம். எல்லாரும் சுகமாம்."

நாதன் என்கிற கதிர்காமநாதன், அன்னத்தின் ஒரே மகன், செத்து மூன்றாவது கிழமை நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் இருந்தவனை மலேரியா கொண்டுபோனது. கொழும்பிலிருந்து மச்சான் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். ரதி கேட்டுவிட்டு, "சரி" என்று சொல்லி ரிசீவரை வைத்தாள். பிறகு உடுப்புத் தோய்க்கும் மெஷினிலிருந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். அன்றைக்கு வராத அழுகை பிறகும் வரவில்லை.

தாய்க்குச் சொல்லக்கூடாது என்று தீர்மானித்தவர் அவள் கணவர் ஆனந்தராசா. மாமிக்கு இதயம் பலவீனம், பிரஷர் வேறு. தெரிந்த சனம் எல்லோருக்கும் அவரே தொலைபேசி எடுத்துச் சொல்லிவைத்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலில் முகத்தைத் துடைத்துச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். தேத்தண்ணீர் குடித்தார்கள். மழையைப் பற்றிக் கதைத்தார்கள். அன்னம் ஒவ்வொரு நாளும் காலையில் முகம் கழுவி, சாமித்தட்டில் விளக்குக் கொளுத்தி, மகன் பேரைச் சொல்லித் திருநீறு பூசினாள். சாவுத் தீட்டான துடக்கு உள்ளவள் விளக்கில் கை வைக்கக்கூடாது என்பதை அந்த வீட்டில் அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. தனக்குத் துடக்கு என்பதுதான் தெரியாது.

"தெரியாமல் கொளுத்தினால் குற்றமில்லை" என்றார் ஆனந்தராசா.

ரதி ஒனிஹங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தாள். அங்கே யாராவது செத்தால் வீட்டாருக்குச் சொல்லுகிற வேலை பல தடவை அவளிடம் வந்திருக்கிறது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்வாள்: ஆளை இருத்து, பக்கத்தில் இரு, "செத்துப்போனார்" என்ற சொல்லையே சொல், பிறகு வாயை மூடு. நன்றாகச் செய்கிறாள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

பாறை ஏறப் பழகியது டிரெஸ்டனில். இருபது வயது கடந்ததும் நெசவுத் தொழில்நுட்பம் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்து கிழக்கு ஜெர்மனிக்குப் போனவள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிப் பெட்டைகள் ரயில் ஏறி எல்பே ஆற்றோரம் போவார்கள். அங்கே மணற்கல் கோபுரம் கோபுரமாக நிற்கும். அந்தக் கல்லில் ஏறுவதற்கு அந்த ஊர்க்காரர் வைத்த முறை கடுமையானது. வெடிப்புக்குள் இரும்பு வைக்கக்கூடாது, கல் உடையும். கயிற்று முடிச்சைத்தான் வெடிப்புக்குள் ஒரு தட்டைத் தடியால் தள்ளி இறுக்க வேண்டும். விழுந்தால் அந்த முடிச்சுத்தான் தாங்க வேண்டும். மழை பெய்தால் கல் காய்கிறவரை தொடக்கூடாது, ஈரக் கல் நனைந்த பாண் ரொட்டியைப் போலப் பிய்ந்து வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறுகிறவள் கீழே கயிறு பிடிப்பவனுக்கு முடிச்சு எப்படி என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அவன் அதை வைத்துத்தான் எங்கே நிற்பது, எவ்வளவு கயிறு விடுவது என்று முடிவெடுப்பான்.

ஓக்லாந்தில் அவளுக்குக் கயிறு பிடித்தவன் பழனிவேல். ஈரோட்டுக்காரன், கம்ப்யூட்டர் வேலை. கோயில் அன்னதானத்தில் அவள் கை விரல்களில் இருந்த தழும்பைப் பார்த்து, "அக்கா, சமையல்ல இப்படியெல்லாம் ஆகாதே?" என்று கேட்டவன். அவன் எடை கூடியவன் என்பதால் கயிறு பிடிக்க ஏற்றவன் என்று அவள் சேர்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை இருவரும் தெற்கே காரில் போனார்கள். மனுகாவ் கழிந்து, புல்வெளிகளுக்குள் வெகுதூரம் ஓடி, தெரிந்த ஒரு விவசாயியின் செம்மறிப் பண்ணைக்குள் இறங்கினார்கள். பண்ணையின் பின்பக்கம் மணற்கல் தூண்கள் மூன்று நின்றன. வியாழக்கிழமை மழை பெய்திருந்தது. பழனிவேல் கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"ஜில்லுனு இருக்கே அக்கா. அடுத்த வாரம் வரலாமா?"

"வெளியிலை காஞ்சு போச்சு. பிடி கயிறை."

இப்படி அவள் சொன்னதே இல்லை. வழக்கமாகக் கல்லை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு அவள்தான் திரும்பிப் போவோம் என்பாள். பழனிவேல் கயிற்றைப் பிடித்தான்.

நடுத் தூணில் மேலே போகிற வெடிப்பு ஒன்று உண்டு. கையை உள்ளே விட்டு முட்டியாக மடக்கினால் கை இறுகி நிற்கும். அப்படியே ஏறினாள். முதல் முடிச்சைத் தள்ளி, கொளுக்கி மாட்டி, கயிற்றைப் போட்டாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லாயிருக்கு."

இன்னும் ஏறி இரண்டாவதையும் வைத்தாள்.

"இது?"

"நல்லாயிருக்கு."

காற்று வீசியது. கீழே செம்மறிகள் மேய்ந்தன. உயரத்தில் வழக்கமாக அவளுக்கு வயிற்றுக்குள் ஒரு பிடி பிடிக்கும். அந்தப் பிடிதான் காலை எங்கே வைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று சொல்லித்தரும். அன்றைக்கு அது இல்லை. வேலையில் கட்டில் விரிப்பு மாற்றுவது போல ஏறிக்கொண்டிருந்தாள்.

வலது காலுக்குக் கீழே கல் பிய்ந்தது. தேங்காயளவு கட்டி ஒன்று உதிர்ந்து புல்லில் விழுந்தது. இரண்டு கை முட்டியிலும் தொங்கினாள். கயிறு குலுங்கியதில் முதல் முடிச்சு வெடிப்பிலிருந்து நழுவி, கயிற்றிலேயே வழுக்கிப்போய் பழனிவேலின் மூக்குக்கு முன்னால் நின்றது.

அவன் சத்தம் போடவில்லை. "அக்கா, நல்லாயிருந்தது இங்க வந்துடுச்சு" என்றான். பிறகு, "ரெண்டாவது?"

அவள் குனிந்து பார்த்தாள்.

"தெரியாது தம்பி. இழுத்துப் பாக்கேல்லை."

"நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே?"

"சும்மா சொன்னனான்."

அவள் இடது கை கழலத் தொடங்கியது.

"சரி. இப்ப உங்ககிட்ட என்ன இருக்கு?"

"மொத்தமான முடிச்சு ஒண்டு."

"வைங்க. வச்சு நெசமாச் சொல்லுங்க."

காலுக்கு ஒரு விளிம்பு தேடிப் பிடித்தாள். முடிச்சைத் தள்ளி, தடியால் குத்தி, பல்லைக் கடித்து இழுத்தாள். சற்று உராய்ந்து இறங்கியது. மறுபடி இழுத்தாள். நின்றது.

"பாரத்தைத் தாங்கும். விழுந்தால் தாங்குமோ தெரியாது."

"அப்ப விழாம இறங்குங்க. நான் கயிற இறுக்கமா வச்சுக்கறேன்."

அதைக் கல்லிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். வழியில் இரண்டாவது முடிச்சை இரண்டு விரலால் தொட்டாள். பால்பல்லைப் போலக் கையோடு வந்தது.

தரையில் கால் பட்டதும் பழனிவேல் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவளை விட்டுத் தூரப் போய் நின்றான். அவன் உள்ளங்கைகள் கன்றிச் சிவந்திருந்தன.

"உங்க அம்மாகிட்ட நானும்தான் போன வாரம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினேன். தோசை சாப்பிட்டேன். ஆனா என்கிட்டயுமாக்கா?"

"யாரிட்டை எண்டு பாத்துச் சொல்லேல்லை தம்பி. கேட்டால் வாய் தானாச் சொல்லுது."

கயிற்றைச் சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

அன்று பின்னேரம் ஆனந்தராசா கராஜில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னாள்.

"நாளைக்குக் காலமை அம்மாவுக்குச் சொல்லப் போறன்."

"விசரே உமக்கு? கேட்ட இடத்திலை மனிசி விழுந்தால்?"

"விழுந்தால் நான் பிடிப்பன்."

"ஏதும் நடந்துதெண்டால் சனம் என்ன சொல்லும்? முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியட்டும் ரதி."

"முப்பத்தொண்டு அவவுக்குத்தானே? அவ இல்லாமல் ஆருக்கு முடிக்கப் போறியள்?"

அவர் வாளியைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி நம்பரை எழுதி ரெலிபோனுக்குப் பக்கத்திலை வையும்" என்றார்.

மறுநாள் காலை அன்னத்துக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள். பிரஷர் குளிசையைக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்தாள். அன்னம் முகம் கழுவிவிட்டு வந்து சாமித்தட்டடியில் நெருப்புப்பெட்டியை எடுத்தாள். ரதி அதை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"அம்மா, இருங்கோ."

கதிரையில் இருத்தினாள். பக்கத்தில் தானும் இருந்தாள்.

"நாதன் செத்துப்போனான். மலேரியா. கிளிநொச்சியிலை."

பிறகு வாயை மூடிக்கொண்டாள். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டும் மெஷினை இழுத்து இழுத்துப் பார்த்தார், அது பிடிக்கவில்லை. அன்னம் மகளின் கையிலிருந்த நெருப்புப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப?"

"மூண்டு கிழமை."

"நான் விளக்கெல்லோ கொளுத்திக்கொண்டிருந்தனான்."

"ஓம்."

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அம்மா."

அன்னம் அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். கை பாதியில் இறங்கி மடியில் விழுந்தது. அவள் மூச்சு ஒழுங்காகத்தான் வந்தது; ரதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோயவேணும்" என்றாள் அன்னம்.

குளியலறையில் பிளாஸ்ரிக் கதிரையை வைத்தாள் ரதி. தண்ணீரை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தாள். தாயின் கொண்டையை அவிழ்த்து, தலையில் வார்க்கத் தொடங்கினாள். மூன்றாவது வாளிக்கு அன்னம் சத்தமாக அழுதாள். ரதிக்கு வரவில்லை. தலையைத் துவட்டி, சேலை மாற்றி, கட்டிலில் கொண்டுபோய் இருத்தினாள். பிறகு, யாரும் வழுக்கி விழுந்துவிடாதபடி, குளியலறை நிலத்தை ஈரம் போகத் துடைத்தாள்.