கெட்டுப்போன பேட்ச்

தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பேர் எமன். கேலிக்கு வைத்ததுதான், ஆனால் ஒட்டிக்கொண்டது. ஆள் உயரத்தைத் தாண்டிய எஃகு டேங்க்குகளில் உயிரணுக்களை வளர்த்து, அவை சுரப்பதிலிருந்து ஊசி மருந்து எடுக்கிற கம்பெனி அது. வேளாவேளைக்குச் சர்க்கரை, காற்று, இளஞ்சூடு என்று பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு கிருமி நுழைந்துவிட்டால் போச்சு. நீராவியை ஏற்றி மொத்தத்தையும் கொதிக்கவைத்துக் கொன்று, கழிவுக் குழாயில் கொட்டுவது இவர் வேலை. அப்புறம் டேங்க்கைக் கழுவ வேண்டும். ஒரு தெருவே குளிக்கிற தண்ணீர் அதற்குப் போய்விடும். அவர் தெருவில் குழாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் இருமும். இந்த அழகில் கம்பெனி வாசலில் 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று பலகை வேறு.

வீட்டில் பாய்லர் வேலை என்று சொல்லிவைத்திருந்தார். மனைவியும் தோண்டித் துருவியதில்லை. அவளுக்கு மூட்டுவாதம், விரல்கள் மடங்கி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்தவள். அதே கம்பெனி ஊசியைப் போட ஆரம்பித்துச் சில மாதம் கழித்து, ஒருநாள் தாழ்ப்பாளைத் தானே விலக்கிவிட்டு வாசலில் நின்றாள்.

"கதவ யாரு திறந்தாங்கன்னு கேட்க மாட்டீங்களா?"

அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊசிக்காக நகைநட்டெல்லாம் போயிருந்தது. போனால் போகட்டும் என்றிருந்தார்.

அந்த வருஷம்தான் பேட்ச் பேட்சாகக் கெட்டது. முதலில் கெட்ட டேங்க்கின் முன்னால் நின்று, தரம் பார்க்கிற பெண்ணிடம் வாய்விட்டுக் கேட்டே விட்டார்.

"ஒரே ஒரு பாட்டில் எடுத்துக்கட்டுமாம்மா? வீட்டுக்காரிக்கு."

"அண்ணே, இது இன்னும் மருந்தே ஆகல. உள்ள பூரா கிருமி. உடம்புல ஏத்தினா ஆளையே கொன்னுடும். நீராவியத் திறங்க."

திறந்தார். கொதிக்கிறபோது உள்ளே என்னவோ முனகுவதுபோல இருந்தது. உயிரணுவுக்கு ஏது வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் களக்களக்கென்று அது குழாயில் இறங்கிய சத்தம் அன்றே அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. வாய் கொப்பளித்தால் கேட்டது. பஸ்ஸில் பக்கத்து ஆள் தண்ணீர் குடித்தால் இவர் எழுந்து தள்ளிப் போய் நின்றார். அடுத்த இரண்டு டேங்க்குகளையும் அவர்தான் கொட்டினார்.

ஊசி நாள் வந்தது. இருவரும் போனார்கள். மருந்துக்கடைக்காரர் கையை விரித்தார்.

"ஸ்டாக் இல்லம்மா. மூணு டேங்க் கெட்டுப்போய்க் கொட்டிட்டாங்களாம். கொட்டினதுக்கும் சேர்த்து இனிமே விலைய ஏத்துவாங்க."

அவள் விரல்கள் ஏற்கெனவே மடங்கத் தொடங்கியிருந்தன. தெருவைப் பார்த்துக்கொண்டு, வயிற்றெரிச்சலோடு சொன்னாள்.

"கொட்டினவன் கை விளங்குமா?"

அவர் அவள் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

வாரம் திரும்புவதற்குள் அவளால் சோற்றை அள்ள முடியாமல் போனது. தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தாள். அந்தக் கையால்தான் பிசைந்து ஊட்டினார்.