அம்மாவின் கையும் ஆற்றோர அரங்கமும்

பிள்ளைகளா, பட்டணத்துச் சித்தப்பா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அம்மா சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன்.

அவன் என் கூடப்பிறந்தவன் அல்ல. குத்தகைச் சண்டையில் என்னோடு ஜெயிலில் கிடந்தவன். நாங்கள் உள்ளே இருந்தபோதுதான், நாங்கள் நட்ட வயலை அறுக்க மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அம்மா வரப்பில் குறுக்கே நின்றாள். தடியால் அடித்து அவள் வலது மணிக்கட்டை உடைத்தார்கள். கேஸ் நிற்கவில்லை. அவளே வழுக்கி விழுந்தாள் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

பிறகு அவன் பட்டணம் போய் நாடகக்காரன் ஆனான். ஒருநாள் வந்து நின்றான்.

"பெரிய அரங்கத்துல நம்ம கதையப் போடுறேன் அண்ணே. அண்ணி கைய ஒடிச்சத எல்லாரும் பார்க்கட்டும்."

கோர்ட்டில் ஏறாதது மேடையிலாவது ஏறட்டும் என்று அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. முதல் அறுப்புக் கதிரைக் குருவிகளுக்காக நம் வீட்டு வாசலில் கட்டுவோமே, அந்த வருஷம் அதை என்னிடம் கொடுத்தாள். ஒரு கையாலும் பல்லாலும் அவளே கயிற்றை முடிந்தாள்.

"அங்க வாசல்ல கட்டுங்க. நான் வந்தா அழுதுருவேன்."

கூவம் கரையில் அந்தக் கட்டடம். ஒரே கூரைக்கடியில் மூன்று மேடை. கண்ணாடிக் கதவு மூடியதும் நாற்றமும் இல்லை, ஆறும் இல்லை. கதவுக்கு மேலே பலகையில் ஆணியடித்து அவனே கதிரை மாட்டினான்.

"குருவி தின்ன வந்தா டிக்கெட் கேப்பாங்க அண்ணே" என்றான். நானும் சிரித்தேன்.

நாடகத்தில் அந்தக் காட்சி வந்தது. அம்மாவாக நடித்த பெண் வரப்பில் ஓடிவந்தாள். யாரும் அடிக்கவில்லை. வழுக்கி விழுந்தாள். மிராசுதாரே தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சனம் கைதட்டியது. முன்வரிசையில் மிராசுதாரின் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போது ஆளும் கட்சியில் பெரிய ஆள். முடிந்ததும் பொன்னாடை அவருக்குத்தான்.

மேடைக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தேன்.

"என்னடா இது?"

"அவர் சொன்னாத்தான் இந்த அரங்கம் கிடைக்கும் அண்ணே. கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்."

"ஒடிஞ்ச கை யாரோடது? விட்டுக்கொடுக்க நீ யாரு?"

"மெல்லப் பேசுங்கண்ணே. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

எல்லாரும் பந்திக்கு நகர்ந்துவிட்டார்கள். வாசலில் ஆள் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினேன். அம்மா போட்ட முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை. ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, கதிரோடு சேர்த்துத் துண்டில் சுற்றிக்கொண்டேன்.