நள தீர்த்தத்தில் என் தலையில் விழுந்த எண்ணெய்

பேருந்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நான் தூங்கிவிட்டேன். அன்பர்களே, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான் குரும்பகரத்துக்காரன். எழுபதுகளின் கடைசியில், காரைக்காலிலிருந்து பொறையாறு போகும் ஒரு தனியார் பேருந்துக்கு டிரைவர். அந்த வருடம் ஆடியிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஸ்டீயரிங்கை வளைத்து வளைத்துக் கழுத்தும் தோளும் மரக்கட்டை மாதிரி இறுகிவிட்டன. மாத்திரை போட்டேன், கஷாயம் குடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், பேருந்தின் காலை நடை. கோட்டுச்சேரி தாண்டி ஒரு குழந்தை வீறிட்டது. கண்ணைத் திறந்தேன். எதிரே சாலை இல்லை, வாய்க்கால் இருந்தது. எப்படித்தான் பிரேக்கை மிதித்தேனோ தெரியாது. முன்சக்கரம் கரையின் விளிம்பில் நின்றது. வண்டி நிறைய ஜனம்.

முதலாளியிடம் ஸ்டீயரிங் இழுத்துவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னேன். வேலை போய்விடுமே என்ற பயம். ஆனால் அன்று முதல் வண்டியில் ஏறும்போதெல்லாம் அந்த வாய்க்கால்தான் கண்முன் வரும். "சனீஸ்வரா, என்னைத் தூங்க வை. இல்லையென்றால் இந்த ஜனங்களை என் கையில் கொடுக்காதே" என்று அழுதேன்.

அந்தச் சனிக்கிழமையே திருநள்ளாறு போனேன். நள தீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகுவது வழக்கம். அவரவர் எண்ணெயை அவரவரே தேய்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் எண்ணெய் பட்டால் அவருடைய சனி நம்மைப் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் பக்கம் பயப்படுவார்கள். படியில் உட்கார்ந்து என் புட்டியைத் திறக்கிறேன், பின்னாலிருந்து உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் விழுந்தது. பதறிப்போனேன்.

"யாருய்யா அது? ஒஞ் சனிய என் தலையில எறக்குறியா?"

அந்த ஆள் கையை எடுக்கவில்லை. "கோவப்படாதீங்கண்ணே. திருவேட்டக்குடியிலேர்ந்து வர்றேன், கடல் தொழில். அன்னைக்கு ஒங்க வண்டியில முன் சீட்டுல இருந்தேன். கத்துனது எம் மவதான். நீங்க தூங்குனத கண்ணாடியில பாத்தேன்."

அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"யாருகிட்டயும் சொல்லல. ஆனா இப்புடியே ஓட்டாதீங்கண்ணே. ஒங்க தோளு கட்டயா இறுகிக் கெடக்கு. வல இழுத்தா எங்களுக்கும் தோளு இப்புடித்தான் கட்டிக்கும். புடிச்சுவுட்டாத்தான் தூக்கம் வரும். குனிங்க."

குனிந்தேன். பிடரி, தோள், முதுகு என்று அழுத்திப் பிடித்துவிட்டார். வலியிலா வெட்கத்திலா தெரியவில்லை, குழந்தை மாதிரி அழுதேன். முழுகிவிட்டு மண்டபத்தில் தூணில் சாய்ந்தவன் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவர் போய்விட்டிருந்தார். பேர்கூட நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். கண்டபடி திட்டி, ஒரு மாதம் வண்டியைத் தொடாதே என்றார். அந்த மாதம் முழுக்க, தீர்த்தத்தில் அந்த மீனவர் செய்த மாதிரியே என் மனைவி சாயங்காலம் எண்ணெயைச் சூடாக்கிக் கழுத்தையும் தோளையும், கூடவே உள்ளங்காலையும் பிடித்துவிட்டாள். தூக்கம் திரும்பியது. ஓயாத தலைவலி போனது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதும் போனது. எட்டு வருடமாக அந்த வழக்கத்தை விடவில்லை. வண்டியில் கண் அசந்ததும் இல்லை.

நான் கேட்டது தூக்கம். சனீஸ்வரன் அதைக் கொடுத்தனுப்பியது, நான் கொல்ல இருந்த குழந்தையின் தகப்பன் கையில். தூக்கமில்லாமல் தவிக்கிறவர்களே, அவனை நம்பி அழுங்கள். உதவி வரும்போது யார் கை என்று பார்த்துத் தட்டிவிடாதீர்கள். நான் தட்டிவிடத்தான் பார்த்தேன்.