நின்ற ஒரு வீடு

கடற்கரைத் தெருவில் முப்பத்தோரு வீடுகள் இருந்தன. புயலுக்குப் பிறகு நின்றது ஒன்றே ஒன்று, கொத்தனாருடையது. முப்பத்தொன்றையும் கட்டியவர் அவர்தான். அதனால் ஊரில் அவருக்கு மவுசு ஏறிவிட்டது. மனிதருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து போய்ச் சுவரைத் தட்டுவார், வந்து உட்காருவார், மறுபடி எழுவார்.

இன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம். அதே இடத்தில் வீடு கட்டுவதா, மூன்று மைல் தள்ளி மேட்டுக்குப் போவதா என்று ஊர் கைதூக்கிச் சொல்ல வேண்டும். அரசாங்கம் அனுப்பிய இன்ஜினியர் அம்மா மேட்டைத்தான் சொன்னார். கேட்க ஆள் வேண்டுமே.

"மேட்டுல போய் வலையை மரத்துலயா போடுறது?" என்றார் படகுக்காரர். கூடம் சிரித்தது. "கொத்தனார் வீடு நிக்குதா இல்லையா? அதே மாதிரி எல்லாருக்கும் கட்டட்டும்."

எல்லாத் தலையும் கொத்தனார் பக்கம் திரும்பியது. அவர் செருப்பைக் கழற்றினார், மாட்டினார்.

விஷயம் இதுதான். தன் வீட்டுக்கு மட்டும் லாரி வைத்து ஆற்று மணல் இறக்கினார். மற்ற முப்பதுக்கும் வாசலில் கிடந்த கடல் மணலையே அள்ளி, இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, அலசியதாகப் பேர் பண்ணிவிட்டுக் கலந்தார். உப்பு உள்ளேயிருந்து கம்பியைத் தின்றது. கெட்ட எண்ணம் இல்லை. அவசரம், சோம்பல், எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள் என்ற தைரியம். இதற்கு மேல் அவருக்காகப் பரிந்து பேச நமக்கு வார்த்தை கிடையாது. அவர் வீடு நிற்பதும் பேருக்குத்தான். கடல் பக்க அஸ்திவாரத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், கை நுழைகிற அளவு பள்ளம்.

கொத்தனாருக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா. வீடு விழுந்ததில் கால் முறிந்து, கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உன் வீட்டுக்கு நான் போட்டது கடல் மணல்," என்றார் அவள் காதருகே.

அவள் திரும்பவில்லை. "தெரியும்டா. நாலு வருஷமா சுவத்துல உப்பு பூத்துது. யாரும் பாக்கறதுக்குள்ள சுரண்டிப் பெருக்கிடுவேன். உன் பேரு கெட்டுடக் கூடாதுல்ல."

கொத்தனாருக்கு வந்தது அழுகையா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

"இங்கேயே கட்டணும்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றார் இன்ஜினியர் அம்மா.

கைகள் மளமளவென்று எழுந்தன. அக்காவின் கையும் எழுந்தது.

கொத்தனார் எழுந்து நின்றார்.

"கையைக் கீழ போடு அக்கா," என்றார், கூடத்துக்கே கேட்கும்படி. "எல்லாரும் போடுங்க. நான் ஒண்ணு சொல்லணும்."